வாடகை கட்டியவர்களுக்கும் சாய்தளம் போட்டவர்களுக்கும்: பாலையூற்றிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். திருகோணமலை பாலையூற்றில் ஒரு வாடகை வீட்டில், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்காகத் தாய்மார் சிலர் சேர்ந்து ஒரு பகல்நேர நிலையம் நடத்துகிறோம். அதன் சார்பில் இதை எழுதுகிறேன். பெரிய பெயர்ப்பலகை எங்களுக்குக் கிடையாது. பின்னால் வெளிநாட்டு நிதி நிறுவனமும் இல்லை. பிரதேச செயலகத்தில் பதிந்த ஒரு சின்னச் சங்கம், அவ்வளவுதான். இந்த வீட்டுக் கதவு இன்னும் காலையில் திறக்கிறது என்றால் அதற்குக் காரணம் நீங்கள். இந்த மடல் உங்களுக்குத்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் யாருடைய பெயரும் வராது. உதவியவர்களில் பாதிப் பேர் "என்ர பெயரைப் போட்டிடாதேங்கோ" என்று கையைப் பிடித்துச் சொன்னவர்கள். மற்றப் பாதியை மட்டும் போட்டால் அதுவும் நன்றாயிராது. பிள்ளைகளின் படங்களும் வராது. அவர்களும் நாளைக்கு வளர்ந்து ஆளாவார்கள். தங்கள் படம் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. நான் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி வாடகை கட்டுபவர்களுக்கு. எங்கள் சனத்துக்கு நாலு பேருக்குச் சோறு போட்டால்தான் மனம் நிறையும். பிறந்தநாள், கலியாண நாள், அப்பாவின் திவசம், எதுவென்றாலும் போன் வரும்: "அண்டைக்கு மத்தியானச் சாப்பாடு எங்கட கணக்கு." ஆடி அமாவாசை வந்தால் ஒரே நாளுக்கு இரண்டு மூன்று வீட்டார் போட்டி. பெருநாளுக்குக் கிண்ணியாவிலிருந்து சஹன் சாப்பாடு (பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டுச் சோறு) வரும், நத்தாருக்குக் கேக் வரும். சோறு தந்த கைகளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும்தான் சாப்பிட்டோம். ஆனால் மாதம் முதலாம் தேதி வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரருக்குச் சோற்றைக் கொடுத்துச் சமாளிக்க முடியாதே.

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு குடும்பம், அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு வழமைபோலச் சாப்பாடு கொடுக்கக் கேட்டார்கள். பேச்சுவாக்கில் மூத்த மகள், "உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, எதுக்குத்தான் காசு முட்டுப்படுது?" என்றார். வாடகைக்கு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, அம்மாவும் கடைசி வரைக்கும் வாடகை வீட்டிலதான் இருந்தவ" என்றார். அன்றிலிருந்து மாதாமாதம் வாடகை வருகிறது. இதைக் கேள்விப்பட்டு, ஒன்றாகப் படித்து இப்போது சுவிஸில் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நண்பர்கள் சிலர் கரண்ட் பில்லையும் தண்ணீர் பில்லையும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை பார்ப்பவர். தண்ணீர் பில் கட்டினேன் என்று முகநூலில் படம் போட்டுப் பெருமைப்பட முடியாது. தெரிந்துகொண்டேதான் கட்டுகிறார்கள்.

அடுத்தது, சக்கர நாற்காலி ஏறி இறங்கும் சாய்தளம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் இன்னும் பல இடங்களில் இதைச் சரியாகப் போடத் தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி, மொத்தம் 18 அங்குல உயரம். பிள்ளைகளை நாற்காலியோடு தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு நாரி நோவுதான் மிச்சம். உதவிக்கு வந்த மேசன் அண்ணர் முதலில் கேட்டது, "மோட்டச்சைக்கிள் ஏத்துற மாதிரி ஒரு நாலடிக்குச் சரிச்சு விடட்டா?" நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் அந்தச் சரிவில் சக்கர நாற்காலியை ஏற்றவும் முடியாது. இறங்கினால் பிள்ளை முகம் குப்புறப் போகும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. 18 அங்குலத்துக்கு 18 அடி. எங்கள் முற்றமோ 11 அடி.

மேசன் அண்ணர் தலையைச் சொறிந்துவிட்டு மண்ணில் குச்சியால் கீறத் தொடங்கினார். முற்றத்தின் ஓரமாக ஓடி, மூலையில் ஐந்தடிச் சதுரத்தில் ஒரு சமதரை, அங்கே திரும்பி மறுபடி ஏற்றம். கைபிடிக்கு ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) பைப். தரையை வழுவழுப்பாகத் தேய்க்காமல் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கீறிவிட்டார், மாரியில் சறுக்காமல் இருக்க. சீமெந்து மூடைகளும் கம்பியும் ஹார்ட்வெயார் முதலாளி கடனாகத் தந்தது. அந்தக் கடனை அடைக்கப் போனபோது கொப்பியில் எங்கள் பக்கத்தையே காணவில்லை. கேட்டால், "எலி திண்டிட்டுது போல" என்றார். கூலிக்குப் பதிலாக மேசன் அண்ணர் கேட்டது ஒரு பிளேன்ரீயும், சாய்தளத்தில் முதலாவதாகத் தன் பேத்தியின் மூன்றுசக்கரச் சைக்கிளை ஓட்டும் அனுமதியும். இப்போது காஸ் சிலிண்டரும் அரிசி மூடையும்கூட அதில்தான் ஏறுகின்றன.

பொதுக் கட்டடங்களுக்கு இப்படி வசதி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் ஒழுங்குவிதி வந்தது. 2009 இல் உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. 2016 இல் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. நகரத்தில் எத்தனை கட்டடத்துக்குள் சக்கர நாற்காலியோடு யாருடைய உதவியும் இல்லாமல் போகலாம் என்று, அடுத்த முறை அலுவலாக வெளிக்கிடும்போது பார்த்துக்கொண்டு போங்கள். "இதெல்லாம் எத்தினை பேருக்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேலுமானவர்களில் 8.7 வீதமானோருக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறு ஏதாவதிலோ சிரமம் இருந்தது. கிட்டத்தட்டப் பதினாறு இலட்சம் பேர்.

தச்சு வேலை தெரிந்த லிங்கநகர் தம்பிக்கும், ஓய்வு நாளில் வந்து பார்க்கும் இயன்மருத்துவத் தங்கச்சிக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் இருவரும் சேர்ந்து செய்ததுதான் அந்த நாற்காலி. மூளைவாதம் உள்ள ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி. அவளை மடியில் கிடத்தித்தான் தாய் சாப்பாடு ஊட்டுவார். ஒவ்வொரு வாய்க்கும் இருமல். சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி, இதே கதை. தங்கச்சி சொன்னது சின்ன விஷயம்: இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் நேர்க்கோணத்தில் மடிந்து, பாதம் தொங்காமல் பலகையில் பதிந்திருந்தால் தலை நிற்கும், தலை நின்றால் விழுங்குவது சுலபமாகும். தம்பி அளவுநாடாவோடு வந்து அவளுடைய தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை எல்லாம் எடுத்தான். ஒட்டுப்பலகையில் நாற்காலி, முன்னால் ஒரு தட்டு, பக்கங்களுக்குப் பழைய மெத்தைப் பஞ்சு. பிள்ளை வளரும், நாற்காலி வளராது என்று யோசித்து, இருக்கைப் பலகையையும் கால் பலகையையும் நகர்த்தி மாட்ட வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

அன்றைக்குக் குழைத்த சோறும் பூசணிக்காய்க் கறியும். இருந்தபடியே சாப்பிட்டாள். நேரம் எடுத்தது, பாதி சட்டையில். ஆனால் இருமல் மிகக் குறைவு. தாய், "இனி நானும் சூடாச் சாப்பிடலாம் போல" என்று சிரித்தார். தம்பி அதற்குப் பிறகு இன்னும் பல நாற்காலிகள் செய்துவிட்டான். பலகைக் காசு மட்டும் வாங்குவான்.

2022 ஐ யாரும் மறக்கவில்லை. பெற்றோல் இல்லை, பம்பர்ஸ் விலை கேட்டாலே தலை சுற்றும். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று வைத்தார்கள். அதில் வீட்டுக்கும் உழைக்க வேண்டும். எங்கள் ஓட்டோக்கார அண்ணர் அதில் ஒரு பங்கை வேறாக வைத்து, பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கினார். மற்ற ஹயர்களை விட்டுவிட்டுத்தான் செய்தார் என்பது அவருடைய மனைவி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது அந்த அக்காவுக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது. அந்தக் கோபத்துக்கும் எங்கள் நன்றி.

அதே காலத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகள், முதலாளிமாரிடம் கேட்டுப் பழைய படுக்கை விரிப்புகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து தந்தார்கள். கிண்ணியாவில் தையல் தைக்கும் ராத்தாமார் அவற்றை வெட்டி, மடித்து, இழுவை நாடா வைத்து, துவைத்துக் காயவைத்துப் பாவிக்கக்கூடிய துணி நாப்கின்களாக்கித் தந்தார்கள். நூலும் நாடாவும் ஒரு நானாவின் கடையிலிருந்து. இப்போதும் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் தாய்மாருக்கு, 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் ஏற்றித்தான் களப்பைக் கடக்க வேண்டும், சக்கர நாற்காலியோடு அது லேசான வேலையில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அண்ணரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். உதவி வாங்க வந்தவர் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அவர்தான் எங்கள் சக்கர நாற்காலி மெக்கானிக். அன்பளிப்பாக வரும் நாற்காலிகள் பெரும்பாலும் பெரிய ஆட்களுக்குரியவை. அதில் பிள்ளையை இருத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து முதுகு கோணிவிடும். இவர் வெல்டிங் கடையில் போய் நின்று சட்டத்தை ஒடுக்கி எடுப்பார். கடற்கரை மணலில் புதைகிற சின்ன முன்சக்கரத்தைக் கழற்றி அகலமானதைப் போடுவார். புதிதாகக் காயப்பட்டவர்கள் வந்தால், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பழக்குவார். உணர்வில்லாத இடத்தில் படுக்கைப்புண் வந்தால் வலிக்காது, வலிக்காததால் தெரியாது, தெரியவரும்போது எலும்பு வரை போயிருக்கும். இதை டொக்டர் சொன்னால் தலையாட்டுகிறவர்கள், அவர் சொன்னால் செய்கிறார்கள்.

தன் மகனோடு கந்தளாயிலிருந்து வரும் சிங்கள அம்மாவுக்கும் நன்றி. கொழும்பிலிருந்து வரும் கடிதங்களுக்குச் சிங்களத்தில் பதில் எழுதுவது அவர்தான். எங்கள் தமிழை அவரும், அவருடைய சிங்களத்தை நாங்களும் உடைத்து உடைத்துப் பேசி, இப்போது இரண்டு பக்கமும் ஓரளவு தேறிவிட்டோம். கொடுப்பனவு விண்ணப்பங்களை நிரப்ப உட்கார்ந்த சமூக சேவை உத்தியோகத்தருக்கு, கடிதம் கேட்டவுடன் தந்த கிராம உத்தியோகத்தருக்கு, கோயில் மண்டபத்தைக் காசில்லாமல் தந்த பரிபாலன சபைக்கு, மழையில் ஒழுகிய தகரத்தை மாற்றிய விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கு, எல்லோருக்கும்.

ஒரு மனக்குறையையும் சொல்லி முடிக்கிறேன், நன்றி மடலில் இது கூடாது என்று சொல்வார்கள், பரவாயில்லை. ஒருமுறை ஓர் அமைப்பினர் பெனரோடும் கமராவோடும் வந்தார்கள். விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் வரிசையாக இருத்தி வைத்தார்கள். தந்தது புத்தகப்பை, அவர்களுடைய இலச்சினை போட்டது. அந்தப் பிள்ளைகளில் அநேகரைப் பள்ளிக்கூடம் சேர்க்கவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருந்தது. என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். பை வீணாகவில்லை, துணி நாப்கின் கொண்டுபோக நல்ல வசதி. மேலே சொன்ன ஒவ்வொருவரும் முதலில் கேட்டார்கள், பிறகுதான் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த பிறகும் வந்துபோனார்கள்.

வரவுசெலவுக் கொப்பி முன் அறையில் மேசையில் இருக்கிறது. யாரும் வந்து புரட்டிப் பார்க்கலாம். நிலையம் கிழமை நாட்களில் காலை முதல் பிற்பகல் வரை திறந்திருக்கும். இப்போதைக்குத் தேவை ஒரு தண்ணீர்த் தாங்கியும், பின்பக்கக் குளியலறைக் கதவை அகலமாக்க ஒரு மேசனும். பழைய மேசன் அண்ணருக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கிறார். வரும்போது பிள்ளைகளுக்கு பிஸ்கற், கச்சான், ரொபி கொண்டுவர வேண்டாம், பலருக்குத் தொண்டையில் சிக்கும். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் போதும், மசித்துக் கொடுப்போம்.

இப்படிக்கு,
தாய்மார் அனைவரின் சார்பில்,
செயலாளர்,
பாலையூற்று, திருகோணமலை.