நத்தார் சந்தையில் பின்னுகிறவளுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய நகரங்களின் நத்தார் சந்தைகளைப் பற்றி உங்கள் வார இதழில் வந்த பயணக் கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். விளக்குகளையும் குளிரையும் பலகார வாசனையையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கடைகளில் நின்று விற்பவர்கள் யார், அந்த இடம் அவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பனையோலைக் கைப்பணி கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். மகனின் குடும்பத்தோடு ஜேர்மனியில் ஒரு மார்கழியைக் கழித்தபோது என் கண் முதலில் போனது அங்கேதான்.

மகன் என்னை நியூரன்பேர்க் நகரத்து நத்தார் சந்தைக்கு அழைத்துப் போனான். ஜேர்மனியில் இதைவிடப் பழைய சந்தைகள் உண்டு. டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434 இல் தொடங்கியது. நியூரன்பேர்க் சந்தைக்கு 1628 ஆம் ஆண்டுக் குறிப்பொன்று சான்றாக இருக்கிறது. பிரதான சதுக்கத்தில், அன்னை மரியாள் ஆலயத்தின் முன்னால், சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணிக்கூரையோடு ஏறத்தாழ 180 மரக்கடைகள் நிற்கின்றன. நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளி மாலையில், பொன்னிற முடியும் கிரீடமும் தரித்த இளம்பெண் ஒருத்தி ஆலய மாடத்தில் நின்று வரவேற்புரை சொல்லச் சந்தை திறக்கிறது. 24 ஆம் திகதி பிற்பகலில் மூடிவிடுகிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது உலர்ந்த பிளம்ஸ் பழத்தில் பொம்மை செய்து விற்கும் கடையொன்றின் முன்னால். பழங்களைக் கம்பியில் கோத்தால் அது உடலும் கையும் காலும் ஆகிவிடுகிறது. தலைக்கு ஓர் அக்ரூட் கொட்டை. அதில் கண்ணையும் வாயையும் தூரிகையால் வரைந்து, துணித்துண்டில் சட்டை தைத்துப் போட்டுவிடுகிறார்கள். உழவன், மீனவன், மணமக்கள் என்று வரிசையாக நின்றார்கள். கடைக்காரப் பெண்மணி விற்பனைக்கு நடுவிலும் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். எங்கள் வகுப்பில் ஓலை வார்ந்துகொண்டே கதை பேசும் பிள்ளைகளின் கைகள் என் கண்முன் வந்தன.

அங்கே கடை கேட்டு விண்ணப்பிப்பவர்களின் தொகை, இருக்கும் கடைகளைவிட அதிகம். கூடப் பணம் தருபவருக்கே இடம் என்று நகர நிர்வாகம் முடிவெடுப்பதில்லை. என்ன பொருள், எந்தத் தரம், அந்தச் சந்தையின் மரபுக்குப் பொருந்துமா என்று பார்த்தே தெரிவு செய்கிறார்கள். பிளாஸ்டிக் தோரணத்துக்கும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கும் அங்கே இடமில்லை. அழகாக அலங்கரித்த கடைகளுக்கு நகரமே தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பரிசு கொடுக்கிறது. அந்தப் பரிசின் வடிவமும் அதே பிளம்ஸ் பொம்மைதான். கறுவாவும் கராம்பும் மணக்கும் லெப்கூகன் என்ற பலகாரத்துக்கு இன்னொரு காவலும் உண்டு. நியூரன்பேர்க் லெப்கூகன் என்ற பெயரை அந்த நகரத்துக்குள் செய்ததற்கு மட்டுமே இடலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். நமது இலங்கைக் கறுவாவுக்கும் 2022 இல் அத்தகைய காப்பு கிடைத்தது. வடக்கில் எங்கள் வன்னியின் எருமைத் தயிருக்கும் தேனுக்கும் அதைத் தேடித்தர யாராவது முன்வரவேண்டும்.

சூடான பானம் பீங்கான் கோப்பையில் வருகிறது. கோப்பைக்கு முற்பணம் வாங்கிக்கொள்கிறார்கள், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். அவ்வளவு கூட்டத்திலும் காலில் ஒரு பிளாஸ்டிக் குவளை மிதிபடவில்லை. நமது திருவிழாக்கள் முடிந்த மறுநாள் கோயில் வீதியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொரு செய்தியையும் உங்கள் வாசகர்கள் அறியவேண்டும். 1945 ஜனவரி 2 ஆம் திகதி குண்டுவீச்சில் நியூரன்பேர்க்கின் பழைய நகரம் அநேகமாக முழுவதும் அழிந்தது. போர்க்காலத்தில் நின்றுபோயிருந்த சந்தையை 1948 இல், இடிபாடுகளுக்கு நடுவிலேயே மீண்டும் திறந்தார்கள். வீடு கட்டி முடியவில்லை, ஆனால் கைவினைஞருக்குக் கடை போட்டுக் கொடுத்தார்கள். இதை மகன் சொன்னபோது என்னால் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது கிளிநொச்சியின் தண்ணீர்த்தாங்கி சரிந்து கிடந்தது. பின்னர் ஏ9 வீதியின் இருபுறமும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைத்தொலைபேசிக் கடைகளும் எழுந்தன. அவையும் வேண்டியவைதான். கையால் ஒரு பொருளைச் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களுக்கு, கூட்டம் திரளும் மார்கழியில் அந்த வீதியில் ஒரு பலகை போட இடம் கிடைக்கவில்லை என்பதே என் மனக்குறை.

கடந்த மார்கழியில் எங்கள் பகுதி உள்ளூராட்சி சபை ஒன்று பண்டிகைக்காலத் தற்காலிகக் கடைகளை ஏலத்தில் விட்டது. என்னிடம் பயின்ற பெண்கள் சிலர் சேர்ந்து ஓர் இடம் எடுக்கலாம் என்று போனார்கள். ஏலக் கேள்வி தொடங்கிய சற்று நேரத்திலேயே தொகை அவர்களின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அவர்களில் ஒருத்தி குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து அவள் பின்னிய நட்சத்திரங்களும் சிறு பாலன் குடில்களும் வீட்டு மூலையில் கிடந்தன. வீதியில் விற்றவை பிளாஸ்டிக் நட்சத்திரங்கள். வெளிமாவட்டத்திலிருந்து வந்த வியாபாரிகள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்களும் பிழைக்க வந்தவர்கள். ஏலம் ஒன்றே வழி என்று வைத்திருக்கும் நடைமுறையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

சந்தை கூடுவது வன்னிக்குப் புதிதல்ல. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கும் வீதி நிறையக் கடைகள் முளைப்பதையும், கச்சான் வாங்காமல் ஒருவரும் வீடு திரும்பாததையும் நாம் அறிவோம். மார்கழியிலும் வாங்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலைகளிலும் முன்பள்ளிகளிலும் நத்தார் ஒளிவிழா நடக்கிறது. சைவப் பிள்ளைகளும் அதில் பாடி ஆடுகிறார்கள். புலம்பெயர்ந்த உறவுகளும் விடுமுறைக்கு வருகிறார்கள். போகும்போது கொண்டுபோக நல்ல ஓலைப்பெட்டி எங்கே வாங்கலாம் என்று என்னைக் கேட்காத விருந்தாளி குறைவு.

ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களின் சபைகளிடம் நான் கேட்பது இதுதான். பண்டிகைக் கடைகளில் ஒரு பங்கையாவது ஏலத்துக்கு வெளியே வைத்து, குறைந்த நிலையான வாடகைக்கு, தாமே செய்த பொருளை விற்பவர்களுக்குக் கொடுங்கள். ஓலை, மண்பாண்டம், பனங்கட்டி, பயற்றம்பணியாரம், தேன் எதுவாயினும் சரி, செய்தவரே கடையில் நிற்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஜேர்மனியில் இரவுவரை நடப்பதைப்போல இங்கே நடத்த வேண்டியதில்லை. விசுவமடுவுக்கும் முழங்காவிலுக்கும் பஸ் இருக்கும்போதே பெண்கள் வீடு திரும்பும்படி நேரத்தை வையுங்கள். மார்கழி மழைக்கு ஒழுகாத கூரையும், பெண்களுக்கு ஒரு மலசலகூடமும் வேண்டும். இவை பெரிய செலவல்ல. அதே கடைகளைத் தைப்பொங்கல்வரை விட்டுவைத்தால் புதுப்பானை செய்பவர்களுக்கும் வழி பிறக்கும்.

விண்ணப்பங்களை ஆவணிக்குள் கோரிவிட வேண்டும். குருத்தோலை வெட்டிக் காயவைக்க வெயில் வேண்டும். மழை தொடங்கிய பிறகு கார்த்திகையில் அறிவித்தால் கடை இருக்கும், விற்பதற்குப் பெட்டி இருக்காது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தருமபுரம், கிளிநொச்சி.