எச்சரிக்கை வந்தது, கரன்ட் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க டொர்னாடோக்கள் (தரையைத் தொட்டுச் சுழன்று ஓடும் சூறைக்காற்று) பற்றிய கட்டுரை படித்தேன். 2011 ஏப்ரலில் அலபாமாவில் அத்தனை பேர் இறந்ததற்கு ‘எதிர்பாராத தாக்குதல்’தான் காரணம் என்று அதில் ஒரு வரி. அப்போதும் இப்போதும் ஹன்ட்ஸ்வில்லில் குடியிருக்கும் எனக்கு அந்த வரி உறுத்துகிறது.

ஏப்ரல் 25 முதல் 28 வரை ஏறக்குறைய 360 டொர்னாடோக்கள். 27ஆம் தேதி மட்டும் 200க்கு மேல். முந்நூறுக்கும் அதிகமான சாவில் பெரும்பகுதி அலபாமாவில். ஆனால் அமெரிக்க அரசின் புயல் கணிப்பு மையம் பல நாள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. 27ஆம் தேதிக்கு இருப்பதிலேயே உச்ச அபாய நிலையை அறிவித்தும் விட்டது. பர்மிங்ஹாம் டிவியில் வானிலை நிபுணர் ஜேம்ஸ் ஸ்பான் மணிக்கணக்கில் நேரலையில் நின்றார். டஸ்கலூசா நகருக்குள் டொர்னாடோ நுழைவதையே கேமராவில் காட்டினார்கள்.

அப்புறம் ஏன் அத்தனை சாவு? அன்று விடியற்காலையிலேயே ஒரு புயல் வரிசை வந்து போனது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மரங்களைச் சாய்த்து, மின்கம்பிகளை அறுத்து, பல ஊர்களில் டிவி, போன், அரசின் எச்சரிக்கையை ஒலிபரப்பும் வானிலை ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. பிற்பகலில் பெரியது வந்தபோது எச்சரிக்கை இருந்தது, கேட்க வழியில்லை. ஹேக்கில்பர்க், ஃபில் கேம்பெல் ஊர்களை அழித்த டொர்னாடோ 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி 72 பேரைக் கொன்றது.

எங்களுக்கு அன்று மாலை போன கரன்ட் பல நாள் வரவில்லை. மின்கோபுரங்களே மடங்கிக் கிடந்தன. பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையமே டீசல் ஜெனரேட்டரை நம்பி இருந்தது என்றால் பாருங்கள். கடைகளில் ரொக்கம் மட்டும்தான். எங்கள் பிரிட்ஜில் இட்லி மாவு பொங்கி வழிந்து, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி அது என்ன என்று பயந்துபோய்க் கேட்டார்.

ஊரில் ஒலிக்கும் டொர்னாடோ எச்சரிக்கை சைரனையும் சொல்ல வேண்டும். அது வெளியில் இருப்பவர்களுக்கானது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவரை எழுப்பாது. பகல் முழுக்க ஊளையிட்டால் பதுங்க பாத்ரூமுக்கு ஓடி ஓடி ஒரு கட்டத்தில் ‘சரி, இதுவும் சும்மாதான்’ என்று உட்கார்ந்துவிடுவோம்.

பலர் தலையில் அடிபட்டே இறந்தார்கள் என்பதால், சைக்கிள் ஹெல்மெட்டாவது மாட்டிக்கொள்ளுங்கள் என்று இங்கே பிற்பாடு சொல்ல ஆரம்பித்தார்கள். உங்கள் கட்டுரையில் அதுவும் இல்லை.

2012 முதல் அரசின் அவசர எச்சரிக்கை நேராக செல்போனுக்கே வருகிறது. தூக்கம் கெடுகிறது என்று அதை அணைத்து வைக்கிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. அலபாமா, மிசிசிப்பி, டென்னசி பக்கம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியிருக்கும் வாசகர்கள், அதை அணைக்க வேண்டாம் என்றும், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வைக்கும்படியும் இன்றே போனில் சொல்லிவிடட்டும்.

— ஒரு வாசகி,
ஹன்ட்ஸ்வில், அலபாமா