ஜனவரியில் ஆரம்பிக்கும் ஃபுட்பால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் இங்கே சில உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணிகள் வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம் பணமும், வெளியூரிலிருந்து இழுத்து வரும் பையன்களும்தான் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த இரண்டு வரியைத்தான் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. நான் கலிபோர்னியாவில் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் பதினைந்து வருஷமாக இருக்கிறேன். என் மகன் இங்கே ஒரு அரசுப் பள்ளி அணியில் நான்கு வருஷம் ஆடினான். ஜெயிக்கிற பள்ளி எப்படி இருக்கும், தோற்றுக்கொண்டே இருக்கிற பள்ளி எப்படி இருக்கும் என்று இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது நம் ஊர் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட்டும் தோளில் பேடும் போட்டுக்கொண்டு, பக்கத்துக்கு 11 பேராக நின்று முட்டி மோதி, முட்டை வடிவப் பந்தை எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோகிற ஆட்டம். ஆகஸ்டில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடிந்துவிடும்.

எங்கள் மாவட்டத்திலேயே கான்கார்ட் என்ற ஊரில் டி லா சால் என்று ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி இருக்கிறது. 1979-ல் பாப் லடூசர் என்ற இளைஞர் அங்கே தலைமைக் கோச்சாக வந்தார். அதற்கு முன்னால் ஒரு சீசனில்கூட அந்த அணி தோல்வியைவிட வெற்றி அதிகமாகக் கண்டதில்லை. அவர் 2012 சீசனோடு விலகும்போது கணக்கு: 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. நடுவே 1992 முதல் 2004 வரை ஒரே தொடர்ச்சியாக 151 ஆட்டம் ஜெயித்தார்கள். பள்ளிப் பையன்கள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாறிவிடுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். தொடரை ஆரம்பித்து வைத்த பையன்கள் எல்லாம் கல்லூரியும் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம்கூட ஆகியிருப்பார்கள், தொடர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நல்ல பேட்ச் அமைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. அங்கே பேட்ச் வந்து வந்து போனது, போகாமல் இருந்தது கோச்தான்.

நான் அவர்கள் ஆட்டத்தை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். மைதானத்துக்குள் வரும்போது ஓடி வர மாட்டார்கள், கத்த மாட்டார்கள். இரண்டு இரண்டு பேராகக் கை கோர்த்துக்கொண்டு நடந்து வருவார்கள். பதினேழு வயதுப் பையன்கள், ஆறடி உயரம், பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு. முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆட்டம் தொடங்கியதும் நான் கவனித்தது அவர்களுடைய லைன்மேன்களை, அதாவது முன்வரிசையில் நின்று எதிராளியை இடித்துத் தடுக்கும் ஐந்து பேரைத்தான், ஏனென்றால் என் மகனும் லைன்மேன். எதிர் அணி ஆட்கள் அவர்களைவிட ஒரு சுற்று பெரியவர்கள். ஆனால் பந்து அசைந்த அந்தக் கணத்தில் ஐந்து பேரும் தரையை ஒட்டித் தாழ்வாக ஒன்றாகக் கிளம்பினார்கள், ஐந்து பேருக்கும் ஒரே உடம்பு என்பது போல. அவர்கள் ஆடும் முறைக்கு 'வீர்' (veer) என்று பெயர், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதையே பெரிதும் நம்பும் பழைய முறை, அதிகப்படியான வித்தைகள் கிடையாது. கொஞ்சம் நகர்வுகள்தான், அதையே ஒன்பதாம் வகுப்புப் பையனிலிருந்து மூத்த அணி வரை சொல்லிக்கொடுத்து, வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்து, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கால் சரியான இடத்தில் விழும்படி ஆக்கிவிடுகிறார்கள்.

இந்த வேலை எப்போது தொடங்குகிறது தெரியுமா? டிசம்பரில் கடைசி ஆட்டம் முடிந்தால் ஜனவரியில், எடை தூக்கிப் பழகும் வெயிட் ரூமில். கூட்டம் இல்லை, பேண்ட் வாத்தியம் இல்லை, அடுத்த ஆட்டத்துக்கு எட்டு மாசம் இருக்கிறது. அந்த எட்டு மாசம் யார் வந்தான், யார் வரவில்லை என்பதில்தான் அடுத்த சீசன் தீர்மானமாகிறது. அப்புறம் அட்டை. டி லா சாலில் வாரா வாரம் ஒவ்வொரு பையனும் ஒரு சின்ன அட்டையில் அந்த வாரம் பயிற்சியில் என்ன செய்வேன், ஆட்டத்தில் என்ன செய்வேன் என்று எழுதி, அணியினர் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும், செய்தானா இல்லையா என்று சக வீரன் ஒருவன் கணக்குக் கேட்பான். அந்த வயதில் கோச் திட்டினால் பையன்களுக்கு உறைக்காது. கூட ஆடுகிற நண்பன் முகத்தைப் பார்த்து "சொன்னேன், செய்யவில்லை" என்று சொல்வதுதான் கஷ்டம்.

சரி, தனியார் பள்ளிதானே, எங்கிருந்து வேண்டுமானாலும் பையன்களைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது, எங்கள் ஊரிலும் எல்லோரும் கேட்கிறார்கள். அரசுப் பள்ளிக்கு அதன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகள்தான், டி லா சாலுக்கு அப்படி எல்லை கிடையாது, அது பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி 1979-க்கு முன்னாலும் இருந்தது, வசதியால் மட்டும் வெற்றி வருவதாக இருந்தால் அப்போதே வந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். கேன்சாஸ் மாநிலத்தில் ஸ்மித் சென்டர் என்று ஒரு விவசாய ஊர். மொத்த ஜனத்தொகையே இரண்டாயிரத்துக்கும் குறைவு. அரசுப் பள்ளி. சுற்றிலும் கோதுமை வயல், யாரை எங்கிருந்து இழுத்து வருவது? அந்தப் பள்ளி 2004 முதல் 2009 வரை தொடர்ச்சியாக 79 ஆட்டம் ஜெயித்தது. ரோஜர் பார்டா என்ற கணக்கு ஆசிரியர் 1978-லிருந்து 2012 வரை அங்கே கோச்சாக இருந்தார். டி லா சால் முறியடித்த பழைய தேசிய சாதனை 72 ஆட்டம், அதுவும் பெரிய நகரத்தில் இல்லை, மிச்சிகனில் ஹட்சன் என்ற சின்ன ஊர் வைத்திருந்தது, 1968 முதல் 1975 வரை. தெற்குக் கரோலினாவில் சம்மர்வில் பள்ளியில் ஜான் மெக்கிஸிக் என்பவர் 1952-ல் கோச்சாகி 2014 வரை இருந்தார், 621 வெற்றி. தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே கோச்சிடம் ஆடியிருக்கக்கூடிய காலம் அது.

லடூசர் டி லா சாலில் மதக் கல்வி வகுப்பு எடுத்தார், பார்டா கணக்கு எடுத்தார். நான் சொல்ல வருவது இதுதான். கோச் அந்தப் பள்ளியின் ஆசிரியராக இருந்தால் காலையில் பையன் எந்த முகத்தோடு பள்ளிக்குள் நுழைகிறான் என்று பார்க்கிறார், அவன் இங்கிலீஷ் டீச்சரோடு பக்கத்தில் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுகிறார், மார்க் குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து அரசுப் பள்ளிகள் பலவற்றில் இப்போது கோச் என்பவர் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு மூன்றரை மணிக்கு அரக்கப் பரக்கக் காரில் வந்து இறங்குகிறவர். சீசனுக்குச் சில ஆயிரம் டாலர்தான் கொடுக்கிறார்கள். அவர் மேல் எனக்குத் துளியும் குறை இல்லை, அந்தக் காசுக்கு அவர்கள் படும் பாடு பெரிது. ஆனால் இரண்டு வருஷத்தில் அவருக்கு வேலை மாறும், இல்லை குழந்தை பிறக்கும், போய்விடுவார். குறை சொல்ல வேண்டியது அவரை அங்கே நிலைக்க விடாத ஏற்பாட்டைத்தான்.

என் மகனுக்கு நான்கு வருஷத்தில் மூன்று கோச். மூன்று கோச் என்றால் மூன்று ப்ளேபுக், அதாவது யார் எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் மூன்று வேறு வேறு திட்டப் புத்தகம். முதலாமவர் கற்றுக்கொடுத்தது: பந்து கிளம்பியதும் லைன்மேனின் முதல் அடி ஆறு அங்குலம்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் காலை நீட்டினால் எதிராளி இடித்ததும் நிலை தடுமாறும். வீட்டில் சமையலறைத் தரையில் டைல்ஸ் கோட்டை வைத்து இவன் அந்த ஆறு அங்குலத்தை ராத்திரி ராத்திரி பழகுவான், என் மனைவி தோசைக் கரண்டியோடு சுற்றிப் போவாள். இரண்டாமவர் வந்தார், அந்த அடியே வேண்டாம், பின்னால் ஒரு அடி வைத்து நில், நாம் பாஸ் அதிகம் போடப்போகிறோம் என்றார். ஒரு வருஷம் அது. மூன்றாமவர் வந்து மறுபடியும் முன்னால் அடி வை என்றார், ஆனால் நகர்வுகளின் பெயர் எல்லாம் வேறு, முன்பு இடது பக்கம் போ என்பதற்கு வைத்திருந்த வார்த்தை இப்போது வலது பக்கத்துக்கு. பையன் ஆட்டத்தின் நடுவே ஒரு கணம் யோசித்தான். லைனில் ஒரு கணம் யோசித்தால் பின்னால் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பான். ஒன்பதாம் வகுப்பில் இவனோடு நாற்பது பேர் சேர்ந்தார்கள், பன்னிரண்டாம் வகுப்பில் மிஞ்சியது பதினாலு பேர். விட்டுப் போன பையன்களில் யாரும் சோம்பேறி இல்லை. தங்களைப் புதிதாக ஒருவரிடம் மறுபடி மறுபடி நிரூபித்து அலுத்துப்போய்த்தான் போனார்கள்.

ஆள் குறைந்தால் இன்னொரு ஆபத்து. ஒரே பையன் தாக்கும் பக்கமும் ஆட வேண்டும், தடுக்கும் பக்கமும் ஆட வேண்டும். மூச்சு வாங்கும், கால் தளரும், தலை குனிந்து போய் இடிப்பான், அங்கேதான் கழுத்திலும் தலையிலும் அடிபடுகிறது. தலைக் காயத்துக்குப் பயந்து நம்மவர்கள் பலர் பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்கே விடுவதில்லை, அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கலிபோர்னியாவில் சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள்தான், அதுவும் ஒன்றரை மணி நேரம்தான் முழு மோதல் பயிற்சி நடத்தலாம் என்று சட்டமே இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் எட்டு மாசம் உடம்பைத் தயார் செய்த பையனும், ஆகஸ்டில் வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்ட பையனும் ஒன்றாக இடிபட்டால் யாருக்கு அடி பலமாகப் படும் என்று சட்டத்தில் எழுத முடியாதே.

மூன்றாவதாக வந்த கோச்தான் எங்கள் பள்ளியில் அட்டை எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒரு நாள் துணி துவைக்கும்போது இவன் பேண்ட் பையிலிருந்து நனைந்த அட்டை ஒன்று வந்தது. மூன்று வரி. 'வாரத்தில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு வெயிட் ரூமில் இருப்பேன். என் பக்கத்து லைன்மேன் தப்பு செய்தால் கத்த மாட்டேன். முதல் அடி ஆறு அங்குலம்.' அந்த வருஷம் பத்து ஆட்டத்தில் நான்குதான் ஜெயித்தார்கள், அதற்கு முந்தைய வருஷம் ஒன்று. அட்டையை நான் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

தோல்வியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். டி லா சாலின் 151 ஆட்டத் தொடர் முடிந்தது 2004 செப்டம்பரில், சியாட்டிலில், பெல்வியூ என்ற அரசுப் பள்ளியிடம் 39-20 என்று தோற்றார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் முந்தைய சீசனில் ஆடிய டெரன்ஸ் கெல்லி, கல்லூரிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் மாவட்டத்து ரிச்மண்டில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தான். பதினெட்டு வயது. அந்தப் பையன்கள் எந்த மனநிலையில் ஆடினார்கள் என்பதை நினைத்தாலே மனசு கனக்கிறது. அதோடு அந்த அணி முடிந்துவிட்டதா? இல்லை. 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு வருஷம் மாநிலப் பட்டம் ஜெயித்தார்கள். லடூசருக்குப் பிறகு தலைமைக் கோச்சாக வந்த ஜஸ்டின் அலம்பா அவரிடமே ஆடிய பழைய மாணவர், வெளியிலிருந்து பெயர் வாங்கிய ஆளைத் தேடிப் போகவில்லை. நிலைத்து நிற்பது என்று நான் சொல்வது இதை. எண்ணிக்கை ஒரு நாள் நின்றுவிடும், அதற்கு அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இங்கே பக்கத்து ஊர்களான சான் ரமோன், டப்ளின் பக்கம் நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போகிறோம், கணக்கு வகுப்பு, அறிவியல் வகுப்பு என்று எழுந்து நின்று பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கோச் வேலையை ஆசிரியர் வேலையோடு சேர்த்துக் கொடுங்கள், வந்தவரைக் குறைந்தது ஐந்து வருஷம் இருக்க விடுங்கள், முதல் வருஷம் தோற்றதற்காக விரட்டாதீர்கள் என்று பேச மட்டும் நம்மில் ஆள் இல்லை. நான் இரண்டு முறை பேசினேன். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிஷம். முதல் முறை எழுதி வைத்ததில் பாதிதான் சொல்ல முடிந்தது.

அடுத்த முறை இந்த விஷயத்தைப் பற்றி எழுதும்போது கட்டுரையாளர் பெரிய ஸ்டேடியங்களை விட்டுவிட்டு ஸ்மித் சென்டர் போன்ற ஓர் ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். எங்கள் பள்ளியில் அந்த மூன்றாவது கோச்சுக்கு இந்த ஆகஸ்டிலிருந்து அங்கேயே வரலாறு எடுக்கும் ஆசிரியர் வேலை கொடுத்திருக்கிறார்கள். என் மகன் படிப்பு முடித்துப் போய்விட்டான். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறான், ஜனவரியில் காலை ஆறு மணிக்கு அவனைக் காரில் கொண்டுபோய் விடுவதாக அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கான்ட்ரா கோஸ்டா மாவட்டம், கலிபோர்னியா