எத்தனை கை மாறின வண்டி?

கான்டன், மிச்சிகன்
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் உன் அண்ணனுடைய அம்பாசடரை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதில் மாற்றி வைத்திருக்கும் மட்டடார் வேனின் டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு, பழைய பெட்ரோல் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து, 1972இல் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே ஆக்கிவிடலாமா, இல்லை அண்ணன் கடைசியாக ஓட்டிய கோலத்திலேயே சரிபண்ணலாமா? அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அண்ணன் முகம்தான் வந்ததே தவிர எழுத்து வரவில்லை. அப்புறம் வெள்ளிக்கிழமை ஒரு வண்டியைப் பார்த்தேன். அதைச் சொன்னால்தான் என் பதிலும் வரும்.

மகள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் டியர்பார்ன். அங்கே ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் இருக்கிறது. மருமகன் காலையில் இறக்கிவிட்டுப் போனார், சாயங்காலம் வரை அங்கேயேதான் இருந்தேன். ரயில் இன்ஜின், விமானம் எல்லாம் உண்டு. ஆனால் நான் அதிக நேரம் நின்றது அமெரிக்க அதிபர்களின் கார்களுக்கு முன்னால். அதிலும் ஒரே ஒரு கார், கறுப்பு நிற லிங்கன் கான்டினென்டல், 1961ஆம் வருடத்து வண்டி. கென்னடி சுடப்பட்டபோது உட்கார்ந்திருந்த வண்டி.

பழைய வண்டி எது வந்தாலும் "எத்தனை கை மாறின வண்டி?" என்றுதானே முதலில் கேட்பாய். இந்த வண்டிக்கு அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். கை மாறவே இல்லை! கடைசிவரை சொந்தக்காரர் ஃபோர்டு கம்பெனிதான். அரசாங்கத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள், வருடத்துக்கு வெறும் 500 டாலர். ஓட்டியதும் காத்ததும் அதிபரின் பாதுகாப்புப் படையான சீக்ரெட் சர்வீஸ். உட்கார்ந்தவர்கள் கென்னடி, ஜான்சன், நிக்சன், ஜெரால்டு ஃபோர்டு. (இந்தக் கடைசி ஃபோர்டுக்கும் கார் கம்பெனி குடும்பத்துக்கும் உறவு எதுவும் கிடையாது.) இத்தனை பேர் ஏறி இறங்கியும் வண்டி யார் பேருக்கும் மாறவில்லை.

வேலையைச் சொல்கிறேன், உனக்கு அதுதானே வேண்டும். மிச்சிகனில் விக்சம் என்ற ஊரில் இருந்த லிங்கன் தொழிற்சாலையில் கூரையை மடக்கித் திறக்கிற சாதாரண நாலு கதவு கன்வெர்ட்டிபிளாகப் பிறந்த வண்டி. முன்கதவும் பின்கதவும் எதிரெதிர்ப் பக்கம் திறக்கும். ஓஹையோ மாநிலம் சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்று ஒரு பட்டறை இருந்தது. அவர்கள் பாடியை நடுவில் அறுத்து, சுமார் மூன்றரை அடி நீட்டி, அடியில் பலம் கொடுத்து ஒட்டினார்கள். கூட்டத்துக்கு அதிபர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று பின்சீட்டு பத்தரை அங்குலம் உயரும்படி ஹைட்ராலிக் வைத்தார்கள். காவலர்கள் நிற்கப் பின்னால் படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. நிறம் கருநீலம். மழைக்கும் குளிருக்கும் கழற்றி மாட்டுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டாப் ஒன்று கொடுத்தார்கள். அது குண்டு தாங்காது, அதற்காகச் செய்ததும் இல்லை. 1961 ஜூனில் வெள்ளை மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

டல்லாஸில் 1963 நவம்பர் 22 அன்று காலையில் மழை விட்டு வானம் வெளுத்ததால் அந்த டாப்பை மாட்டவில்லை. அதற்குமேல் நடந்தது ஊரறிந்தது. நாம் இரண்டு பேரும் தொட்டிலில் கிடந்த வயது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது, முருகேசா. அந்த வண்டியை உடைத்துப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் அன்றே பூட்டி வைத்திருப்பார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அப்படிச் செய்யவில்லை. அன்று இரவே சரக்கு விமானத்தில் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து சோதனை போட்டார்கள். புது அதிபருக்குக் காப்புள்ள வண்டி உடனே வேண்டும், புதிதாகச் செய்ய நாள் பிடிக்கும். அதனால் அதே வண்டியை அதே சின்சினாட்டி பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் கையால் செய்து அனுப்பிய பின்சீட்டு. அதை அந்தக் கோலத்தில் மறுபடி பிரிக்கிற வேலை அதே ஆட்களில் யாருக்காவது விழுந்திருக்கும். நீயும் விபத்து வண்டிகள் எத்தனையோ பார்த்தவன். இரத்தக் கறையோடு வந்த வேனை நீயே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாயே. எனக்கு அங்கே நின்றபோது நீதான் ஞாபகம் வந்தாய்.

திறந்த வண்டிக்கு நிரந்தரமாகக் கூரை போட்டார்கள். சுற்றிலும் குண்டு துளைக்காத கனத்த கண்ணாடி. உடம்புக்குள் கவசத் தகடு. காற்றுப் போனாலும் ஓடுகிற டயர். சுமார் மூன்றரை டன் இருந்த வண்டி நாலு டன்னைத் தாண்டிவிட்டது, அதை இழுக்க இன்ஜினையும் கூடுதல் சக்தியோடு தனியாகக் கட்டினார்கள். 1964இல் வேலைக்குத் திரும்பியது. முதலில் நீலமாகவே இருந்ததை ஜான்சன் சொல்லித்தான் கறுப்பாக்கினார்கள். அந்த நீலம் ஜனங்கள் கண்ணில் அந்த நாளோடு ஒட்டிப் போயிருந்தது. நிக்சன் காலத்தில் எழுந்து நின்று கையசைக்கக் கூரையில் ஒரு திறப்பு வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை நடந்திருக்கிறது. இப்படியே 1977 வரை ஓடி, பிறகுதான் ஃபோர்டு கம்பெனிக்குத் திரும்பி அருங்காட்சியகத்துக்கு வந்தது.

இப்போது நிற்பது அந்தக் கடைசிக் கோலம்தான். நீலத் திறந்த வண்டியைத் தேடி வந்தவர்கள் இந்தக் கறுப்பு மூடிய வண்டியைப் பார்த்துத் திகைக்கிறார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "இதுவா அது?" என்று இரண்டு முறை கேட்டார். கூரையை அறுத்து நீல பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கூட்டம் சேரும். ஆனால் பதின்மூன்று வருட உழைப்பும், அந்தக் கம்மியர்கள் செய்த அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும். சில விநாடி நேரத்துச் சம்பவத்துக்காக வண்டியின் மீதி வாழ்க்கையை அழிப்பது நியாயமில்லை. தொடாமல் விட்டதுதான் சரி.

ஆனால் அதே கட்டடத்தில் கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் அம்மா வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த மான்ட்கமரி நகர பஸ்ஸும் இருக்கிறது, எண் 2857. அலபாமாவில் ஒரு வயல்காட்டில் முப்பது வருடம் தட்டுமுட்டுச் சாமான் போடும் கொட்டகையாகக் கிடந்தது. 2001இல் ஏலத்தில் 4,92,000 டாலருக்கு எடுத்து, 1955 டிசம்பரில் இருந்த கோலத்துக்கே முழுசாகக் கொண்டுவந்துவிட்டார்கள். உள்ளே ஏறி சீட்டில் உட்காரலாம். நானும் உட்கார்ந்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கே அதுதான் சரி. அந்த முப்பது வருடம் பஸ்ஸில் யாரும் எதையும் சேர்க்கவில்லை, துருதான் ஏறியது. துருவை எடுக்கலாம். காரில் ஏறியது துரு இல்லையே.

உன் அண்ணன் வண்டிக்கு வருகிறேன். அந்த மட்டடார் இன்ஜின் தானாக வந்து ஏறியது இல்லை. டாக்சி ஓட்டிக் குடும்பத்தை இழுத்த காலத்தில் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் அவரே சங்கிலி போட்டு இறக்கி ஏற்றியது. மவுண்டிங் சேராமல் மூன்று நாள் மல்லுக்கட்டியதும், டார்ச் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றதும் உனக்கு மறந்திருக்காது. உன் தங்கை கல்யாணம் அந்த இன்ஜினில்தான் நடந்தது. அதை இறக்கினால் வண்டி 1972 ஆகும், அண்ணன் வண்டியாக இருக்காது. தரைத்தகட்டில் துரு ஓட்டை விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வை. வயரிங் முழுக்க மாற்று. டேஷ்போர்டில் அவர் தனியாக வைத்த சுவிட்சை மட்டும் தொடாதே.

ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் அண்ணன் பேர்தானே இருக்கும்? பேர் மாற்றும் வேலையை உடனே ஆரம்பித்துவிடு, அண்ணி கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே.

எனக்கு உடம்பு பரவாயில்லை. முழங்காலுக்கு இங்கே சொல்லிக் கொடுத்த பயிற்சி பலன் தருகிறது. பேத்தி தமிழில் தன் பேர் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள். அக்டோபர் கடைசியில் டிக்கெட் போட்டிருக்கிறது. அதுவரை இன்ஜினில் கை வைக்காதே, நான் வந்து டார்ச் பிடிக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்