மதர்போர்டு மாற்றத்திற்குப் பின் மறைந்த உபுண்டு: புகார் கடிதம்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: மதர்போர்டு மாற்றியதால் நீங்கிய பூட் பதிவை, வாடிக்கையாளரின் மென்பொருள் கோளாறு எனக் குறித்துக் கட்டணம் வசூலித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உத்தரவாதக் காலத்திற்குள் உள்ள என் மடிக்கணினி சார்ஜ் ஏறாமல் நின்றுபோனதால், மதுரையிலுள்ள தங்கள் சேவை மையத்தில் ஒப்படைத்தேன். மதர்போர்டை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வேலையில் எனக்குக் குறையில்லை. ஆனால் விண்டோஸ், உபுண்டு (லினக்ஸ்) என்னும் இரண்டு இயங்குதளங்களும் இயங்கிவந்த அக்கணினியில், அதன்பின் எதைத் திறப்பது என்று கேட்கும் க்ரப் பட்டியல் தோன்றாமல் நேராக விண்டோஸ் மட்டுமே திறந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது, 'வாடிக்கையாளர் நிறுவிய மென்பொருளால் ஏற்பட்ட கோளாறு' என்று ஜாப் கார்டில் எழுதி, ஆய்வுக் கட்டணமாக ஜிஎஸ்டியுடன் ரூ.1,180 வசூலித்ததோடு, ஹார்டு டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்வதே ஒரே வழி என்றும் கூறினார்கள். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை.

யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) கொண்ட கணினிகளில், இயங்குதளத்தை ஏற்றும் பூட் லோடரின் கோப்புகள் டிஸ்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற தனிப் பகுதியில் இருக்கும்; எந்தக் கோப்பை முதலில் அழைக்க வேண்டும் என்ற பூட் பதிவோ மதர்போர்டின் என்வி-ரேம் என்ற நினைவகத்தில் இருக்கும். போர்டை மாற்றினால் அந்தப் பதிவு பழைய போர்டோடு போய்விடும். புதிய போர்டு விண்டோஸ் பூட் மேனேஜரைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது, உபுண்டுவைச் சேர்க்கவில்லை, நடந்தது இவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் விளங்காத ஒன்று உண்டு. அதே மேசையில், அதே பொறியாளர், விண்டோஸ் முதல்முறை திறந்தபோது டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு வாங்கி உள்ளிட்டார்; 'புதிய போர்டில், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் வேறு, அதனால் கேட்கிறது' என்று சரியாகவே விளக்கவும் செய்தார். விண்டோஸ் சாவி கேட்டால் அதற்குப் போர்டு மாற்றம் காரணம், உபுண்டு காணாமல் போனால் மட்டும் வாடிக்கையாளர் காரணம் என்பது எந்த வகையில் பொருந்தும்?

வீட்டிற்கு வந்து உபுண்டுவின் லைவ் யூஎஸ்பி (நிறுவாமலே இயக்கக்கூடிய பென்டிரைவ்) மூலம் கணினியைத் திறந்து பார்த்தபோது, பூட் பதிவுகளில் விண்டோஸ் மட்டுமே இருந்தது. இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டரும் அதிலுள்ள ஷிம் (க்ரப்பை ஏற்றும் சிறு நிரல்), க்ரப் கோப்புகளும் பழைய தேதிகளுடன் அப்படியே இருந்தன. ஷிம் கோப்பைச் சுட்டும் புதிய பதிவு ஒன்றை ஒரே கட்டளையில் உருவாக்கி, அதை வரிசையில் முதலில் வைத்ததும் க்ரப் திரும்ப வந்தது. நம்பகமான கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்தவோ, ஒரு கோப்பை அழிக்கவோ தேவைப்படவில்லை. இதற்கா முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்யச் சொன்னார்கள்? என்னிடம் காப்பு நகல் இருந்தது வேறு விஷயம். எல்லோரிடமும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே, வசூலித்த தொகையைத் திருப்பித் தருமாறும், பின்னாளில் உத்தரவாதத்தை மறுக்கக் காரணமாகக் காட்டப்படக்கூடிய அந்த ஜாப் கார்டு குறிப்பை நீக்கி எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். போர்டு மாற்றும்போது பழைய பூட் பதிவுகளைக் குறித்துவைத்துப் புதியதில் சேர்க்கும்படி சேவை மையங்களுக்கு அறிவுறுத்துவதும் அவசியம். 15 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் சேவைக் குறைபாடாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். ஜாப் கார்டு, ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.