பெண்பிள்ளைகள் இல்லக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஆண்டவருக்குள் அன்பான அங்கத்தினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் ஸ்தோத்திரங்கள்.

நமது இல்லத்தின் உறங்குமனை, குளியலறைகள், கழிப்பறைகள், சமையற்கூடம் ஆகியவற்றின் திருப்பணி நிறைவுபெற்று, சேகரகுருவானவர் ஜெபித்துத் திறந்துவைத்தபின், பிள்ளைகள் 42 பேரும் புதிய அறைகளில் குடியேறிவிட்டார்கள். நீங்கள் எங்களை நம்பி ஒப்படைத்த பணத்தை எதற்குச் செலவிட்டோம், எதற்குச் செலவிட மறுத்தோம், எங்கே தவறினோம் என்பதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2023 டிசம்பர் 17ஆம் தேதி ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் வீடு திரும்பும்போது பெய்துகொண்டிருந்த மழை, அன்றிரவும் மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, குளங்கள் உடைந்து, செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன அந்த இரவில்தான் நம் உறங்குமனைக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர் வந்தது. காப்பாளர் அம்மாவும் சமையல் செய்யும் இரண்டு அக்காமாரும் பெரிய பிள்ளைகளின் கையில் சிறியவர்களைப் பிடித்துக்கொடுத்து, எல்லாரையும் பள்ளிக்கூட மாடிக்கு ஏற்றினார்கள். ஒரு பிள்ளைக்கும் சேதமில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் வடிந்தபோது, பழைய செப்டிக் டேங்க் பொங்கிக் கிணற்று நீரோடு கலந்திருந்தது; கூரையின் சீமை ஓடுகளைத் தாங்கிய பனங்கைகள் பலவற்றைக் கறையான் உள்ளுக்குள் தின்றிருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது.

பழுதைச் சரிசெய்தால் போதுமா, புதிதாகக் கட்டவேண்டுமா என்ற கேள்விக்குப் பொறியாளர் எளிதில் விடை சொல்லிவிட்டார். எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்ற கேள்விதான் குழுவை நான்கு கூட்டங்கள் உட்காரவைத்தது. ஒரு மாடியும் எழுப்பினால் இன்னும் 30 பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்று அங்கத்தினர் சிலர் நல்லெண்ணத்தோடு கேட்டார்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து நின்ற பிள்ளைகளை தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் மிஷனரி கனோன் மர்காஷிஸ் ஐயர் சேர்த்துக்கொண்ட காலம் வேறு. இன்று நம்மிடம் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ, தகப்பனோ, பாட்டியோ இருக்கிறார்கள். உப்பளக் கூலியும் நோயும் கடனும்தான் அவர்களைப் பிரித்திருக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டம், 2015 சொல்வதும் இதுவே: குடும்பத்தில் பிள்ளையை வைத்துக் காக்க வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவே இல்லவாசம். கட்டில்களைக் கூட்டிப்போட்டால் அவற்றை நிரப்பும் அவசரம் தானாக வந்துவிடும் என்று குழு கருதியது. ஆகவே ஒரு கட்டில்கூடக் கூடுதலாகப் போடவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மாதம் ஒருமுறை பார்க்கவரும் தாய்மாரும் பாட்டிமாரும் பிள்ளையோடு தரையில் பாய்விரித்து உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச ஓர் அறை கட்டியிருக்கிறோம். இதுவரை அவர்கள் வேப்பமரத்தடியில், வருகிறவர் போகிறவர் கண்முன்னேதான் அழுதார்கள், சிரித்ததும் அங்கேதான்.

முகப்பு வளைவு கட்டித்தருவதாக முன்வந்த உபகாரியிடமும், பிள்ளைகளின் தேவைக்கே பணம் போகட்டும் என்று சொன்னோம். அவர் மனம் வருந்தாமல், அதே தொகையைக் குளியலறைகளுக்குத் தந்தார்.

ஏன் குளியலறை? பழைய கட்டடத்தில் குளியலறை மூன்று, கழிப்பறை நான்கு. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குளியலறையும் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் குறைந்தபட்சம் வேண்டும் என்று அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் சொல்லியிருக்க, நாம் இத்தனை வருடம் அதற்குக் கீழே இருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஒரு குளியலறைக்குப் பதினான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால், கடைசிப் பிள்ளை குளித்து வெளியே வர 84 நிமிடம் ஆகும். காலை ஜெபம் ஆறு மணிக்கு. அதனால் நான்கரைக்கே மணி அடித்தார்கள். குழுவின் செயலாளர் ஒருநாள் அதிகாலையில் போய்ப் பார்த்தபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்து, சோப்புப் பெட்டியை மடியில் வைத்தபடி, சுவரில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். இப்போது குளியலறை ஆறு, கழிப்பறை எட்டு. எல்லாரும் குளித்து முடிக்க 42 நிமிடம் போதும். எழுப்பும் மணியை ஐந்தேகாலுக்குத் தள்ளிவிட்டோம். இந்தத் திருப்பணியால் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பவர்களுக்கு, நாள்தோறும் முக்கால் மணி நேரத் தூக்கம் என்பதையே முதலில் சொல்லுவோம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். தலா ஆயிரம் சதுர அடியில் இரண்டு உறங்குமனைகள், கான்கிரீட் தளத்தின்மேல் தட்டோடு பதித்துக் கட்டப்பட்டுள்ளன. வெள்ளம் நின்ற தடத்துக்கு இரண்டடி மேலே தரைமட்டம் உயர்த்தப்பட்டிருக்கிறது. செப்டிக் டேங்க் கிணற்றைவிட்டு விலக்கி, வளாகத்தின் கீழ்க்கோடிக்கு மாற்றப்பட்டது. கிணறு இறைத்துத் தூர்வாரி, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, நல்லது என்று சான்று வந்தபின்பே அதைத் திறந்தோம். சமையற்கூடத்தில் விறகடுப்பு நீங்கி எரிவாயு அடுப்பு வந்திருக்கிறது. கடப்பாக் கல் மேடையும் புகைபோக்கியும் உண்டு.

பிள்ளைகளின் குழுவை அழைத்து வரைபடத்தைக் காட்டினோம். பொறியாளரும் நாங்களும் நினையாத நான்கு காரியங்களை அவர்கள் கேட்டார்கள்: குளியலறைக் கதவின் உட்புறம் துணிமாட்ட ஆணி, சிறியவர்களுக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள், கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவெல்லாம் எரியும் விளக்கு, நாப்கின்களை எரிக்க மறைவான அடுப்பு. நான்கும் செய்யப்பட்டன. அவர்களைக் கேளாமல் நாங்கள் முடிவுசெய்த ஒன்றில் தவறினோம். கைகழுவும் தொட்டிகளைப் பெரியவர்கள் உயரத்துக்கு வைத்துவிட்டோம். சிறியவர்கள் எக்கி நின்று, முழங்கை வழியாகத் தண்ணீர் வடிந்து சட்டை நனைந்தது. ஒரு வரிசையைப் பெயர்த்து ஒன்றரையடி இறக்கியதில் ஏற்பட்ட வீண்செலவுக்குக் குழுவே பொறுப்பு.

முதலில் அமர்த்திய ஒப்பந்தக்காரர் பேஸ்மட்டம் முடிந்தவுடன் வேலையைப் பாதியில் விட்டுச் சென்றதால் மூன்று மாதம் தாமதமாயிற்று. அவர் பெற்ற முன்பணத்தில் மீதி, சபைப் பெரியவர்கள் பேசியபின் திரும்பி வந்துவிட்டது. அதன்பின் உள்ளூர்க் கொத்தனார்களை நாள் சம்பளத்துக்கு வைத்து நாங்களே வேலையை நடத்தினோம்.

வேலை நடந்த பத்து மாதமும் இல்லத்தை மூடவில்லை. இதைச் செய்யமுடிந்தது தன்னார்வலர்களால்தான். உறங்குமனையைப் பள்ளி மாடிக்கு மாற்றினோம். சமையல் ஓலைப்பந்தலில் நடந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறைவைத்து, நாளுக்கு இருவராக வந்து அரிசியில் கல் பொறுக்கினார்கள், காய் நறுக்கினார்கள், மாலையில் சுண்டல் தாளித்தார்கள். அவர்கள் வீடுவீடாகச் சேர்த்த கைப்பிடி அரிசி, மழைக்காலத்தில் நமக்குக் கைகொடுத்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் பேன் பார்ப்பதும் ஒருவாரம்கூடத் தவறவில்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், கலவை இயந்திரத்தின் இரைச்சலைத் தாண்டிக் குரல் உயர்த்தி, தினமும் ஆறரை மணிக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அவர் வராத நாள் எங்கள் ஏட்டில் இல்லை. வாலிபர் ஐக்கிய சங்கத்தார் செங்கல் சுமந்தார்கள். பழைய ஓடுகளில் உடையாதவற்றைப் பிரித்து அடுக்கி, அவற்றைக்கொண்டே சைக்கிள் கொட்டகை வேய்ந்தார்கள்.

தன்னார்வலராக வர விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காவல்துறைச் சான்று பெறாமல் எவரையும் பிள்ளைகளோடு பழக அனுமதிப்பதில்லை, எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருப்பதில்லை, படம் எடுப்பதில்லை. நெடுநாள் பழகிய சபையாருக்கும் இதுவே முறை. தயவுசெய்து மனத்தாங்கல் கொள்ளவேண்டாம். பிறந்தநாளுக்குக் கேக்கோடு ஒருநாள் வந்து போகிறவரைவிட, வாரத்தில் ஒரு மணி நேரம் என்று சொல்லி வருடம் முழுதும் வருகிறவரே பிள்ளைகளுக்கு வேண்டும். அக்கா எப்போது வருவார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், இன்ன கிழமை என்று காப்பாளர் அம்மா பதில் சொல்லக்கூடியதாயிருக்கவேண்டும்.

சுவரில் உபகாரிகளின் பெயர்க் கல்வெட்டு பதிக்கவில்லை. அது பிள்ளைகள் உறங்கும் வீடு. யார் தயவில் உறங்குகிறோம் என்று அவர்கள் தினமும் வாசிக்கவேண்டியதில்லை என்பது குழுவின் ஒருமனதான தீர்மானம். எல்லார் பெயரும் தொகையும் கணக்கேட்டில் உள்ளன.

செய்யவேண்டியவை இரண்டு உள்ளன. பார்வையாளர் அறைக்கு மின்விசிறி மாட்டவேண்டும். சமையற்கூடத்துக்குப் பின்னால் மழைநீர் வடிகாலைத் தெருக் கால்வாயோடு இணைக்க ஊராட்சியின் அனுமதிக்குக் காத்திருக்கிறோம். வரவுசெலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்தோடு இவ்வறிக்கையுடன் தனித்தாளாக வருகிறது. ரசீதுகளையும் கூலிப்பட்டியல்களையும் பார்க்க விரும்பும் அங்கத்தினர்கள் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 12 மணி வரை அலுவலகத்துக்கு வரலாம். அது பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வேளையாதலால், கிணற்றடி வழியாக வராமல் மேற்கு வாசல் வழியாக வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

திருப்பணிக் குழுவினர்