மூட்டைக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த நெல் கட்டுரையைப் படித்தேன். நம் பர்மாவின் வாசனை நெல்லான போசான் போடுகிறவர்கள் அதை விட்டுவிட்டு, ஏக்கருக்கு நூறு கூடை (கூடைக்குச் சுமார் 21 கிலோ நெல்) காணும் குறுகிய நாள் ரகத்துக்கு மாறினால்தான் பிழைக்க முடியும் என்று எழுதியிருந்தார்கள். பர்மாவில் பெகு பக்கம் நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம் எங்களுடையது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விளைச்சல் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். போசான் உயரமாக வளரும், யூரியா கொஞ்சம் கூடினாலே சாய்ந்துவிடும், பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும் என்பதால் வருடத்துக்கு ஒரே போகம். அறுவடை தள்ளிப் போனால் வயலில் ஈரம் காய்ந்துவிடும், அப்புறம் விதைக்கிற உளுந்து முளைக்கவே திணறும். எங்கள் பக்கம் கையில் காசு பார்ப்பது இந்தியாவுக்குக் கப்பலேறும் அந்த உளுந்தில்தான். ஆகவே நாள் குறைந்த ரகத்தைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நெல்லைக் குத்திச் சோறாக்கினால் எப்படி இருக்கும் என்று கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகம் விளைச்சலில் அதுவரை யாரும் பார்க்காததைக் காட்டியது. அரிசியோ நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை விழுந்திருக்கும், சோறு ஆறினால் விறைத்துப் போகும். அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒன்று இருக்கிறது. அது 25 சதவீதத்தைத் தாண்டினால் சோறு உதிரியாக வந்து ஆறியதும் கட்டிப்படும், குறைந்தால் மெத்தென்று ஒட்டும். 1985-ல் வந்த ஐ.ஆர்.64-இல் அமைலோஸ் நடுத்தரம், விளைச்சலும் நல்ல விளைச்சல், அதனால்தான் நாடு நாடாகப் பரவியது. செடியைக் குட்டையாக்கும் மரபணு வேறு, அமைலோஸைத் தீர்மானிக்கும் மரபணு வேறு, இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்க்கலாம் என்று செய்தே காட்டிவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கம் போடும் மனோதுக்கா நெல்லையே பாருங்கள். மலேயாவில் உருவான மஷூரி ரகத்தின் வழியில் வந்தது அது. தமிழ்நாட்டுப் பொன்னியும் அதே மஷூரி வழிதான். மனோதுக்காவைவிடக் கூடுதலாக விளையும் ரகங்கள் எத்தனையோ வந்த பிறகும் நாங்கள் அதை விடாமல் போடுகிறோம் என்றால், சாப்பிட வாய்க்குப் பிடிக்கிறது, கொண்டுபோனால் வாங்க ஆள் இருக்கிறது.

நல்ல அரிசி என்பதும் ஒரே மாதிரி கிடையாது. போசான் உலையில் வெந்தால் அந்த உருண்டை அரிசி நீளமாக நீண்டு, வாசனை வாசல் வரை வரும். 2011-ல் ஹோ சி மின் நகரத்தில் நடந்த உலக அரிசி மாநாட்டில் அதற்குத்தான் சிறந்த அரிசி என்ற பரிசு. அதையே இட்லிக்கு ஊறப்போட்டு ஆட்டிப் பாருங்கள், மாவு பிசுபிசுவென்று இழுக்கும், இட்லி துணியை விட்டு வராது. இட்லிக்கு அமைலோஸ் கூடின புழுங்கல் அரிசிதான் சரி. அந்த ரகங்களும் நமக்கு வேண்டும், எது எதற்கு ஆகும் என்று சொல்லி விதை கொடுத்தால் போதும்.

எங்கள் வயிற்றெரிச்சல் விற்கிற இடத்தில். ஆலையில் ஈரம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், அப்புறம் என் மனோதுக்காவையும் அடுத்த வண்டியில் வந்த கட்டை நெல்லையும் ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். ருசிக்கு ஒரு காசு கூடக் கிடைக்காதபோது விவசாயி மூட்டையைத்தான் எண்ணுவான், அவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

புது ரகத்தைக் காட்ட அதிகாரிகள் வயலுக்குக் கூப்பிடும்போது கதிரை எண்ணிக் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு அடுப்பு மூட்டி அந்த அரிசியையும் வடிக்கட்டும், சூடாக ஒரு கவளம், சாயங்காலம் ஆறின பிறகு ஒரு கவளம் எங்கள் வீட்டுப் பெண்கள் சாப்பிட்டுச் சொல்லட்டும், அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டு போகட்டும். நீங்களும் சந்தை நிலவரம் போடும்போது நெல் என்று ஒரே விலையாகப் போடாமல் ரகம் ரகமாகப் பிரித்துப் போட்டால், ஆலைக்காரரிடம் விலை பேச எங்களுக்குக் கையில் ஏதாவது இருக்கும்.

இப்படிக்கு,
நெல் விவசாயி, பெகு